ஸ்தோத்திரக் கவர்

அத்தியாயம் 19

அந்த மனுவில் எபிக்குப் பெயர் இல்லை. பதினோரு பக்கத்திலும் அவன் வெறும் 'ஏ-1', முதல் எதிரி.

டெபோரா மெல்லப் பக்கங்களைத் திருப்பினாள். இருபத்தாறு வயதுத் தம்பி. சின்னப் பிள்ளையில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டவன். அவனை ஓர் எழுத்திலும் ஓர் எண்ணிலும் அடைத்து வைத்திருந்தார்கள்.

"ஜெபஸ்டின் முன்ஜாமீன் கேட்டு ஹைகோர்ட்டு மதுரைக் கிளையில போட்ட மனுவோட நகல்ம்மா" என்றார் எபியின் வக்கீல் தில்லைநாயகம். "நாளைக்குக் காலையில விசாரணைக்கு வருது."

ஜெபஸ்டின் வேறு யாருமில்லை. டெபோராவின் தங்கை பெர்லினின் கணவன். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் 'பெர்லின் கருப்பட்டி ஸ்டோர்' அவனுடையதுதான். கல்யாணமான புதிதில் கடைக்கு மனைவியின் பெயரை வைத்தபோது தெருவே அவனை மெச்சியது. டெபோராவும் மெச்சினாள்.

நாற்பத்தொரு நாளுக்கு முன், ஒரு புதன்கிழமை, மதுரை விமான நிலையத்தில் கொழும்பு விமானத்துக்கு நின்ற எபியின் பையில் முப்பத்திரண்டு கருப்பட்டி இருந்தது. அதில் ஒன்பதின் வயிற்றைக் குடைந்து, டாலர் நோட்டுகளைச் சுருட்டி வைத்து, மேலே பாகு ஊற்றி மூடியிருந்தார்கள்.

'சொந்தக்காரங்க நம்பர் சொல்லு' என்று அதிகாரி கேட்டதும் எபி அப்பாவின் எண்ணைச் சொல்லவில்லை. டெபோராவின் எண்ணையும் சொல்லவில்லை. தன்னை அனுப்பிய அத்தானின் எண்ணைச் சொன்னான். அதிகாரி ஸ்பீக்கரில் போட்டார்.

"எபின்னு ஒருத்தர் உங்க நம்பரைக் குடுக்கார். தெரியுமா?"

"தெரியாதே சார்."

அவ்வளவுதான். தொடர்பு அறுந்தது.

பதினோரு நாள் எபி வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், சிறைக்கு வந்த அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். கருப்பட்டியைக் குடைந்தது யார், டிக்கெட் எடுத்தது யார், கொழும்பில் வந்து வாங்குகிறவனிடம் பேசியது யார். மூன்றுக்கும் ஒரே பெயர். அன்றைக்கே ஜெபஸ்டின் காணாமல் போனான்.

ஆனால் அந்த ஒரு சொல் காணாமல் போகவில்லை. 'தெரியாதே சார்.' டெபோரா பல் தேய்க்கும்போது அது கேட்டது. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது கரும்பலகைக்குப் பின்னால் நின்று பேசியது. என்றாவது ஒருநாள் அதே சொல்லை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்து, குரலைக்கூடத் தீர்மானித்து வைத்திருந்தாள். கோபம் இருக்கக் கூடாது. தவறான எண் என்று சொல்வதுபோல இருக்க வேண்டும்.

"எபிதான் எல்லாத்தையும் சொல்லிட்டான்லா சார்? பெறகு எப்படி இவனுக்கு முன்ஜாமீன் கெடைக்கும்?"

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரே வழக்குல மாட்டினவன் இன்னொருத்தன் பேரைச் சொல்லுதான். அதை மட்டும் வச்சு அந்த ஆளை உள்ள தள்ளக் கோர்ட்டு யோசிக்கும்மா. தான் தப்பிக்கறதுக்காக அடுத்தவனைக் காட்டிக் குடுக்கறவங்க உண்டுல்லா?"

"எபி தப்பிக்கப் பாக்கலியே."

"அதான் நமக்கு இருக்குத ஒரே பலம். தன்னையும் சேத்து மாட்டிக்கிட்டுச் சொல்லுதவன் பேச்சுக்குக் கொஞ்சம் எடை உண்டு. ஆனா அதுவும் தனியா நிக்காது. வெளியிலேருந்து துணைக்கு ஒரு ஆதாரம் வேணும். சின்னதா இருந்தாலும் போதும். நம்மகிட்ட அது இல்ல."

"இன்னைக்கே அவனைப் பிடிச்சா?"

"தாராளமாப் பிடிக்கலாம். தடை ஒண்ணும் கிடையாது. எங்க இருக்கான்னு தெரியணுமே! நாளைக்கு உத்தரவு வாங்கிட்டான்னா, நாளன்னைக்குக் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவான். பாரம் முழுக்க எபி தலையில."

டெபோரா ஏழாவது பத்திக்கு வந்திருந்தாள். ஆங்கிலம் வழுவழுவென்று இருந்தது. ஏ-1 தன் மனைவியின் தம்பி. ஆனால் இரண்டு வருடமாகப் போக்குவரத்து இல்லை, பேச்சு இல்லை. அவன் வெளிநாடு போய்வந்ததே மனுதாரருக்குத் தெரியாது.

தெரியாது. மறுபடியும்.

அவள் விரல் அந்த வரியில் நின்றது. எங்கேயோ ஒரு மைக் கரகரத்தது. மின்விசிறிகள் சுற்றின. பாடகர் குழுவின் வெள்ளை உடையில் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். யாரோ வாசிக்கிறார்கள்...

"சார்" என்று எழுந்தாள். "இந்த நகலை நான் எடுத்துக்கிடலாமா?"

"எடுத்துக்கிடுங்க. முழுசும் படியுங்கம்மா, ஒன்பதாம் பத்தியும்..."

அதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

* * *

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றி சொல்ல நினைக்கிறவர்கள் ஒரு வெள்ளைக் கவரின் மேல் காரணத்தை எழுதி, உள்ளே காணிக்கை வைத்து, ஞாயிறு ஆராதனையில் பையில் போடுவார்கள். பரீட்சையில் தேறியது, பேரன் பிறந்தது, சிறுநீரகக் கல் தானே இறங்கியது. பெயரும் காரணமும் சபைக்கு முன்னால் வாசிக்கப்படும்.

ஜெபஸ்டின் மாதம் தவறாமல் கவர் போடுகிறவன். தன் பெயர் வாசிக்கப்படும்போது தலையை லேசாகக் குனிவான். யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்க்கத் தோதான குனிவு அது.

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் சபை ஊழியர் சுவிசேஷமுத்து பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், பள்ளிக்கூடம் இல்லியா?"

"லீவு. ஐயா, ஆகஸ்ட் மாசத்து ஸ்தோத்திரக் கவரெல்லாம் கிடக்கா?"

"கிடக்கான்னா கேக்கிய? போன வருசம் ஒருத்தர், 'என் பேரை வாசிக்காம விட்டுட்டான்'னு சேகரத்துப் பெரிய பாதிரியார் வரைக்கும் போயிட்டார். நான் வாசிச்சேன், அவரு தூங்கிட்டாரு. அன்னையிலேருந்து ஒரு கவரையும் தூரப் போடுறதில்ல." பசை அப்பிய விரலால் அலமாரியைக் காட்டினார். "ஞாயித்துக்கிழமை வாரியா ரப்பர்பேண்டு போட்டு வச்சிருக்கேன். எந்த ஞாயிறு?"

"எபி பிடிபட்டதுக்கு முந்தின ஞாயிறு."

அவர் கை நின்றது. அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

ஏழாவது கவர். பச்சை மை. ஜெபஸ்டின் எப்போதும் பச்சையில்தான் எழுதுவான்.

'எங்கள் குடும்பத்தாரைக் கர்த்தர் மூன்று முறை கடல் கடக்கப்பண்ணி, போன காரியத்தை வாய்க்கச் செய்து, சுகமாய்த் திரும்பக் கொண்டுவந்ததற்காகவும், வருகிற புதன்கிழமை தம்பி எபி கொழும்பு செல்லும் பயணத்திற்காகவும் ஸ்தோத்திரம். ஜெபஸ்டின்.'

டெபோரா அதை இரண்டு தரம் படித்தாள். சிரிப்பு வந்தது. அந்த அறையில், சிலுவைக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் நின்று, அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். கோர்ட்டுக்குப் பொய் சொல்லத் தெரிந்தவனுக்குக் கர்த்தரிடம் பொய் சொல்லத் தைரியம் வரவில்லை.

"இதை நான் கொண்டு போறேன் ஐயா."

"ஆங், அது நடக்காது." சுவிசேஷமுத்து கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "காணிக்கைக் கவர் சபைச் சொத்து. ஒங்ககிட்டக் குடுத்தா நாளைக்கு அவன் வந்து 'டீச்சரம்மாவே எழுதிக்கிட்டா'ன்னு சொல்லுவான். சர்க்கார் ஆளு வந்து எழுதி வாங்கட்டும், குடுக்கேன்."

அவர் சொன்னது நியாயம் என்று உடனே புரிந்தது. வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், எபியின் வழக்கைப் பார்க்கும் சுங்கத்துறைக் கண்காணிப்பாளர் அகமது மீரானை அழைத்தாள்.

நாற்பது நிமிடத்தில் ஜீப் வந்தது. மீரான் ஒல்லியான, சத்தமில்லாத மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கவரைத் தொடுவதற்கு முன் மூன்று நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, இது அவரு போட்டதுதான்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பச்சை மையில எழுதுத ஆளு நம்ம சபையில ஒருத்தர்தான் சார். ரிட்டயர்டு தாசில்தாரே நீலத்துலதான் எழுதுதார்."

மீரானின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இதைக் கோர்ட்டுல வந்து சொல்ல வேண்டி வரும்."

"கூண்டுல ஏறணுமோ?"

"ஏறணும்."

சுவிசேஷமுத்து சற்று யோசித்தார். "அந்தப் பய எபி, கிறிஸ்மஸ் பஜனைக்கு மூணு வருசம் எனக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கினான். ஏறுதேன் சார்."

கவரைக் கைப்பற்றியதற்கான மகஜர் எழுதப்பட்டது. கையெழுத்துகள் விழுந்தன. அரக்கு உருகிக் கவரின் மேல் சிவப்பாகப் படிந்தது. "ஆறு மணிக்கு ஃபைலோட எங்க ஆளு ஒருத்தர் மதுரைக்குக் கிளம்புவாரு" என்றார் மீரான். "நாளைக்கு எங்க சுங்கத்துறை வக்கீல் கையில இது இருக்கும். அதுக்குள்ள ஆளு எங்க இருக்கார்னு தகவல் வந்தாச் சொல்லுங்க."

அவள் முன்பே கவரைப் படமெடுத்து வக்கீலுக்கு அனுப்பியிருந்தாள். ஜீப் திரும்புவதற்குள் தில்லைநாயகம் அழைத்தார்.

"பிரமாதம்மா! இது போதும். ஒரு சின்ன சந்தேகம். மூணு பயணம்னு எழுதியிருக்கான். எபி பாஸ்போர்ட்டுல இதுக்கு முந்தி ரெண்டு முத்திரைதான இருக்கு? அவனும் ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கான்."

"பெருமைக்கு ஒண்ணு கூட்டிப் போட்டிருப்பான் சார். அவன் குணம் அது."

"இருக்கும்" என்றார் அவர்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. சாந்திநகர் வரும்வரை டெபோரா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வெயில் அழகாக இருந்தது. பழக்கடைகளும், மிதிவண்டிப் பிள்ளைகளும், கோர்ட்டை விட்டு வரும் கறுப்பு அங்கிகளும் வேறு ஏதோ ஒரு தூரதேசத்தில் நடப்பதுபோல மிதந்து போயின. ஒரு பகையைத் தீர்க்கப் போகிறவளுக்கு இவ்வளவு நிம்மதி வரும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

* * *

வீட்டு வாசலில் தங்கையின் செருப்பு கிடந்தது.

நாற்பத்தொரு நாளில் பெர்லின் இங்கே வருவது இதுதான் முதல் முறை. சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அப்பா தேவசிகாமணி. கலெக்டர் ஆபீசில் முப்பத்துநான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். மகளுக்கு முன்னால் தண்ணீர் வைத்திருந்தார். கண்ணாடித் தம்ளரில். விருந்தாளிகளுக்கு எடுக்கும் தம்ளர். பெர்லின் அதைத் தொடவில்லை.

மேசையில் ஒரு தாளும் கிடந்தது.

"அக்கா, நான் சண்டை போட வரல" என்றாள் பெர்லின். "எபி இதுல கையெழுத்துப் போட்டாப் போதும். அடிச்சு மிரட்டி வாங்குன வாக்குமூலம்னு திருப்பி எடுத்துக்கிட்டான்னா, எல்லாம் சரியாயிரும். அவுக பெரிய வக்கீலா வச்சு அவனை வெளிய எடுத்திருவாக."

"யாரு, அவனைத் தெரியவே தெரியாதுன்னு சொன்னானே, அந்த அவுகளா?"

"பயத்துல சொல்லிட்டாக."

"ஸ்பீக்கர்ல போட்டு எபிக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சிருந்தா பைய சொல்லியிருப்பானோ?"

"எபியும் சும்மா இல்ல. அவுக மேல பழியத் தூக்கிப் போட்டுட்டு..."

"ஏட்டி!" டெபோரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எபி யார் மேலயும் தூக்கிப் போடல. 'நான் கொண்டு போனேன், தெரிஞ்சுதான் கொண்டு போனேன்'னு சொல்லியிருக்கான். தன்னையும் மாட்டிக்கிட்டுச் சொல்லுதவன் பேச்சுக்குத்தான் எடைன்னு வக்கீல் சொல்லுதாரு. உன் மாப்பிள்ளை அப்படி ஒரு வார்த்தை சொல்லுவானா?"

பெர்லின் தாளின் ஓரத்தை நீவினாள்.

"அந்தத் தாளை மடிச்சு வச்சுக்கோ. இனி அது உதவாது. இன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்." டெபோரா இந்த வாக்கியத்தை நாக்கில் வைத்து ருசித்துச் சொன்னாள். "எபி போறதுக்கு முந்தின ஞாயிறு ஒங்க வீட்டுக்காரரு ஸ்தோத்திரக் கவர் போட்டாருல்லா? அது இப்ப அரக்கு முத்திரையோட சுங்கத்துறைகிட்ட இருக்கு."

பெர்லினின் முகம் வெளுத்தது. "அதுல... அதுல என்ன எழுதியிருக்கு?"

"எல்லாம். புதன்கிழமை எபி கொழும்பு போறதும், இதுக்கு முந்தி மூணு தடவை போயிட்டு வந்ததும்."

"மூணுன்னா போட்டிருக்கு?"

"மூணு. பச்சை மையில."

பெர்லின் தம்ளரைப் பிடித்தாள். குடிக்கவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தாள். "குடுத்துட்டியா? நிசமாவே குடுத்துட்டியாக்கா?"

"குடுத்தாச்சு. ஓடிப்போய் ஒன் புருசன்ட்ட சொல்லு."

தேவசிகாமணி கையை நீட்டினார். "அந்த மனு நகலைக் குடு."

டெபோரா கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஓய்வுபெற்ற பிறகும் அவர் கடுதாசி படிப்பது மாறவில்லை. இடது சுட்டுவிரல் வரிக்கு வரி நகரும். உதடு அசையும். மேசையில் மூன்று பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உட்பட.

விரல் ஒன்பதாம் பத்தியில் நின்றது.

"பெர்லின், இதை நீ படிச்சியா?"

"இல்லப்பா. இங்கிலீசு. எல்லாம் வக்கீல் பாத்துக்கிடுவாருன்னாக."

"தமிழ்ல சொல்லுதேன், கேட்டுக்கோ." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய ஆபீஸ் குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். "மேற்படி கடையின் உரிமம், வரிப் பதிவு, ஏற்றுமதிப் பதிவு ஆகிய யாவும் மனுதாரரின் மனைவி பெயரிலேயே உள்ளன. கடையிலிருந்து சென்ற சரக்கு குறித்து மனுதாரருக்கு யாதொன்றும் தெரியாது. விசாரணை அவசியமாயின், உரிமையாளரான மேற்படி மனைவியை விசாரித்துக்கொள்வதில் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை."

மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது.

"ஆட்சேபணை இல்லையாம்" என்றார் தேவசிகாமணி, தன் சொந்தக் குரலில்.

பெர்லின் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவளுக்குப் படிக்க வராத அந்த எழுத்துகளுக்கு நடுவில் தன் பெயரை மட்டும் தேடிக் கண்டுபிடித்தாள். பெர்லின். விரலால் தடவினாள். கடைப் பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக எழுதியபோது ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த அதே பெயர்.

"மூணு நாளைக்கு முன்னால போன்ல பேசுனாக. 'ஒனக்காகத்தான் ஒளிஞ்சு கிடக்கேன்'னு அழுதாக" என்றாள். பிறகு தன் குரலே தனக்குப் பிடிக்காதவள்போல நிறுத்தினாள்.

 

"உடன்குடியில" என்றாள் பெர்லின். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கருப்பட்டி குடோன் ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சிருக்கான்லா. மேல ஓலைப் பாய் அடுக்குன பரண் உண்டு. அங்கன கிடக்கான்."

அவுக, அவனாகிவிட்டார். அவளே அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

டெபோரா போனை எடுத்தாள். மீரானின் எண்ணை அழுத்தினாள். மணி மூன்றேகால்.

* * *

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெர்லினின் போன் அதிர்ந்தது. மேசையில் கிடந்த அந்தத் தாளுக்குப் பக்கத்தில், ஒரு வண்டுபோலச் சுற்றிக்கொண்டு.

புது எண்.

"எடுக்காத" என்றாள் டெபோரா. "நான் பேசுதேன்."

நாற்பத்தொரு நாளாகத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கிய அந்த ஒரு சொல் அவள் வாயில் தயாராக இருந்தது. ஆனால் பெர்லின் போனை எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள்.

"பெர்லின்ங்களா? சுங்கத்துறை, அகமது மீரான். உடன்குடியிலேருந்து பேசுதேன். ஒருத்தரைக் கைது பண்ணினா வீட்டுக்குத் தகவல் சொல்லணும். ஜெபஸ்டின்னு ஒருத்தர் உங்க நம்பரைக் குடுக்கார். பதிவுக்குக் கேக்கணும்மா. இவரை உங்களுக்குத் தெரியுமா?"

பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

டெபோரா தங்கையின் முழங்கையைப் பிடித்தாள். சொல்லு, என்று உதட்டை அசைத்தாள். தெரியாதுன்னு சொல்லு.

"தெரியும் சார்" என்றாள் பெர்லின்.

டெபோராவின் கை தளர்ந்தது.

"நல்லாத் தெரியும். எவ்வளவு தெரியும்னு நாளைக்குக் காலையில நானே வந்து சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

"பெர்லின்! ஏ பெர்லின், இங்க பாரு..." என்று பின்னாலிருந்து அந்தக் குரல் உடைந்தது. அவள் விரலை வைத்து அணைத்தாள்.

ஜெபஸ்டின் பிடிபட்டுவிட்டான். தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தார்கள். டெபோரா இந்த நிமிடத்தை எத்தனை விதமாகவோ கற்பனை செய்திருந்தாள். எதிலும் இவ்வளவு அமைதி இல்லை.

"என்ன தெரியும் ஒனக்கு?" என்று கேட்டாள்.

"எபி போனது ரெண்டு தடவைதான்க்கா. பிடிபட்டது மூணாவது."

"கவர்ல அவன் பெருமைக்கு..."

"சாமி காரியத்துல அவன் கூட்டி எழுத மாட்டான். ஒனக்கே தெரியும்." பெர்லின் தன் இடது கை வளையலைத் திருகினாள். "மொதத் தடவை போனது நான்."

தேவசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, கல்யாண நாளுக்குக் கொழும்பு கூட்டிட்டுப் போறேன்னான். மதுரையில வந்து, கடையில ஆள் இல்ல, நீ மட்டும் போயிட்டு வா, அங்கன ஒருத்தரு வருவாரு, இந்தக் கருப்பட்டியைக் குடுன்னான். பையைத் தூக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கருப்பட்டிக் கடைக்காரிக்குக் கனம் தெரியாதா? தெரிஞ்சுதான் போனேன். வந்ததும் இந்த வளையல் வாங்கித் தந்தான்."

"பெர்லின்..."

"இன்னும் கேளு. அடுத்த தடவை கூப்பிட்டப்ப, எனக்குப் பயமாருக்கு, இனி மாட்டேன்னேன். 'அப்ப எபியை அனுப்புவோமா'ன்னு கேட்டான்." அவள் முதல் முறையாக அக்காவை நேராகப் பார்த்தாள். "நான் சரின்னேன்."

டெபோராவுக்கு மதியம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. சிலுவைக்கும் துடைப்பத்துக்கும் நடுவில். 'எங்கள் குடும்பத்தாரை' என்றுதானே எழுதியிருந்தான்? மூன்று முறை என்றுதானே இருந்தது? ஒருவனை எரிப்பதற்கென்று அவள் தேடிக் கண்டுபிடித்து, முத்திரை வைத்து அனுப்பிய நெருப்பு அது. இன்னும் சில நிமிடத்தில் மதுரைக்குக் கிளம்பப் போகிறது.

எபியை அனுப்பச் சரியென்று சொன்னவள் இவள். அறைய வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டெபோரா வக்கீலை அழைத்தாள்.

"சார், உடனே ஒரு முன்ஜாமீன் மனு போடணும்."

"முன்ஜாமீனா? யாருக்கும்மா?"

பெர்லினின் கை குறுக்கே வந்து போனை அணைத்தது.

"வேண்டாம்க்கா."

"ஒனக்குப் பைத்தியமாட்டி? நீ உள்ள போயிருவ!"

"தன்னையும் மாட்டிக்கிட்டுச் சொன்னாத்தான் எடைன்னு நீதான சொன்ன? நான் வெளிய நின்னுக்கிட்டு விரலை நீட்டினா, புருசன் பொண்டாட்டிச் சண்டைம்பான். தப்பிச்சு வந்துருவான். நானும் அதே குழியில நின்னு பிடிச்சு இழுத்தா அவன் ஏற முடியாது." அவள் வளையலைக் கழற்றித் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "எபிக்கும் அதான் நல்லது. அனுப்புனது நாங்க ரெண்டு பேருன்னு ஆகும்லா."

டெபோரா அப்பாவைப் பார்த்தாள். அவர் தடுப்பார். தடுக்க வேண்டும்.

தேவசிகாமணி எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தன் பழைய பேனாவோடு திரும்பி வந்தார். எபியின் கையெழுத்துக்காகப் பெர்லின் கொண்டுவந்திருந்த அந்தத் தாளை எடுத்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, மேசையில் நீவி வைத்தார். மேலே இடது ஓரத்தில் நான்கு விரல் மார்ஜின் விட்டு மடித்தார். முப்பத்துநான்கு வருடப் பழக்கம்.

"அப்பா!" என்றாள் டெபோரா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினார். 

"தேதியிலேருந்து ஆரம்பி" என்றார் பெர்லினிடம். "வருசத்தை முதல்ல சொல்லு."

அவள் சொன்னாள். அவர் எழுதினார்.

டெபோராவின் கையில் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. தில்லைநாயகம்தான். யாருக்கு என்ற கேள்வியோடு அது அடித்துக்கொண்டே இருந்தது.